திறக்காமல் விட்ட உரையாடல் பக்கம்

மகளே, போன வாரம் நீ கேட்டாய். "அப்பா, பசங்கள குழுவா வச்சி விக்கி எழுத வைக்கணுமாம். நீ நடத்திக்கினு இருந்தியே, எப்படின்னு எழுதிக் குடேன், எங்க குரூப்ல போடறேன்" என்றாய். சரி என்றேன். நாலு நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

உன்னோடு பயிற்சி முடித்து ஆளுக்கொரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்புக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குச் சொல்லித்தருகிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. நான் பத்தாவது பாஸ், டைப்ரைட்டிங் லோயர், அவ்வளவுதான். எதை எங்கே அமுக்கவேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அதை விட்டுவிட்டு நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். அதில் ஒரு பெண்ணின் படிப்பு போயிற்று. இது உன் அம்மாவுக்கே முழுசாகத் தெரியாது.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் மணலூர்பேட்டைக்கும் மூங்கில்துறைப்பட்டுக்கும் நடுவில், பஸ் நின்றால் உண்டு, நிற்காவிட்டால் இல்லை என்கிற ஒரு ஊரில் இருந்தது. லேபில் இருபது கம்ப்யூட்டர் இறக்கினார்கள். நான் போனபோது எட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் சர்க்கார் ஆள் இல்லை, பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிக ஆள். ஒவ்வொரு ஜூன் மாசமும் கழகத் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் எனக்கு நாற்காலி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

விக்கியைக் கொண்டுவந்தது எங்கள் அறிவியல் டீச்சர். சின்ன வயசு, குரலும் சின்னது. ஆனால் ஒன்றைச் செய்வதென்று முடிவு பண்ணிவிட்டால் தலைமை ஆசிரியரே வழிவிட்டு நிற்பார். விக்கி என்றால் எல்லாரும் எழுதலாம், எல்லாரும் திருத்தலாம் என்கிற பக்கம். எங்களுக்கு நெட் ஒழுங்காக வராது. மூலையில் இருந்த பெரிய கம்ப்யூட்டரில் அதைப் போட்டு, மற்ற ஏழையும் அதோடு கோத்துவிட்டோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், ஒரு கம்ப்யூட்டருக்கு ஐந்து பேர். "எங்க ஊர்" என்று தலைப்பு. ஒரு குழுவுக்குக் கோயில், ஒரு குழுவுக்குக் கரும்பு, ஒரு குழுவுக்கு ஏரி, இப்படி.

முதல் இரண்டு வாரம் ஒரு வரியும் ஏறவில்லை. முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு முப்பத்தைந்து பாஸ்வேர்டு. அதை மறந்துவிட்டு "சார், சார்" என்று கூப்பிடுவதிலேயே பீரியட் முடிந்துபோகும். நான்தான் ஒரு யோசனை சொன்னேன். "டீச்சர், குழுவுக்கு ஒரு பேர் போதும். யாரு நல்லா டைப் அடிக்கிறாங்களோ அவங்க பேர்ல உள்ள போகட்டும். மத்தவங்க பக்கத்துல குந்திக்கினு சொல்லட்டும்."

டீச்சர் யோசித்தார். "அப்ப யாரு இன்னா சொன்னாங்கன்னு எப்படி சார் தெரியும்? எல்லாமே டைப் அடிக்கிற பிள்ள எழுதுன மாதிரி இல்ல காட்டும்?"

அதற்கு அவரே ஒரு வழி பண்ணினார். விக்கியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் உரையாடல் என்று இன்னொரு பக்கம் உண்டு. எழுதினவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள. முன்பக்கத்தில் ஒரு வரி ஏறினால், அதைச் சொன்னது யார் என்று உரையாடல் பக்கத்தில் எழுதியே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டார். பிள்ளைகள் அதை விளையாட்டு மாதிரி பிடித்துக்கொண்டார்கள். "மாடு வரி முருகன் சொன்னது." "தப்பு, அது நான், அவன் தூங்கிக்கினு இருந்தான்." இப்படிப் போகும்.

எனக்குப் பிடித்தது வேறு ஒரு பொத்தான். வரலாறு என்று பெயர். எந்தப் பேரில், எந்த நேரத்தில், எந்த எழுத்து மாறியது என்று எல்லாம் வரிசையாகக் காட்டும். கோயில் குழுவின் பக்கத்தில் ஒரு நாள், "இந்தக் குழுத் தலைவன் ஒரு தடியன்" என்று ஏறியிருந்தது. எல்லாரும் அம்மா சத்தியம், நாங்கள் இல்லை என்றார்கள். நான் வரலாற்றைத் திறந்து, "கரும்பு குழு, பதினொன்னு இருபது. யாருடா அப்ப அங்க குந்தி இருந்தது?" என்றேன். லேபே சிரித்தது. ஒரே அமுக்கில் பழைய பக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். "இதுல எதுவும் அழியாது, பாத்துக்குங்க" என்றேன். பிள்ளைகள் என்னைப் பெரிய ஆள் மாதிரி பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு அதுவரைக்கும் கிடைத்தது இல்லை. அந்தப் பொத்தான்மேல் எனக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது.

ஏரிக் குழுவுக்கு டைப் அடித்தவள் சந்தியா. இடது கையில் நாலு விரல், வலது கையில் நாலு விரல் என்று முறையாக அடிப்பாள். நான் சொல்லிக்கொடுத்தது. அவள் அப்பா, ஊரில் பெரிய நிலக்காரர் ஒருவருடைய கொல்லையில் மோட்டார் போடுவதும் தண்ணீர் கட்டுவதும் கரும்பு வெட்டுவதுமாக இருந்தவர். அந்த மோட்டார் கொட்டாய்க்குப் பக்கத்திலேயே நிலக்காரர் விட்ட இடத்தில் இவர்கள் வீடு. அந்த நிலக்காரரின் மகன் கிஷோர் அதே குழுவில் இருந்தான். நிலக்காரர்தான் எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். எனக்கு ஜூன் மாசம் கையெழுத்துப் போடுகிறவர்.

ஏரிக் குழு ஒரு சனிக்கிழமை போய் கரையைக் காலடியால் அளந்துகொண்டு வந்தது. மதகு எத்தனை, பறவை எத்தனை என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்து லேபில் ஏற்றினார்கள். நான் பின்னால் நின்று ஒரு மவுஸைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். கிஷோர் சொன்னான்: "எங்கப்பா ஏரிக்குள்ள ரெண்டு ஏக்கரு கரும்பு வச்சிருக்காரு. ஊர்லயே அதான் ஒசரம். அதையும் போடு."

"அது எதுக்குடா? வேணாம்" என்றாள் சந்தியா.

"ஏன்? உங்க வூட்டுக்கு இருக்குதா ஏரிக்குள்ள கரும்பு? இல்லல்ல. அடி."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அப்பன் பெருமையை ஊர் பார்க்கட்டும் என்று சொன்னான். ஏரி நிலத்தில் பயிர் வைப்பது தப்பு என்றே அவனுக்குத் தெரியாது. சந்தியா அடித்தாள். சட்டப்படி உரையாடல் பக்கத்திலும் எழுதினாள். அந்த வரிகள் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: "கரும்பு வரி கிஷோர் சொன்னது. ஊரிலேயே உயரம் என்றும் போடச் சொன்னான். அதை நாங்கள் அளக்கவில்லை. அதனால் போடவில்லை." அதற்குக் கீழே கிஷோர் கீபோர்டை இழுத்து, ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்தினான்: "நான் தான் சொன்னேன். கிஷோர்."

நான் அதைப் படித்துச் சிரித்தேன். அதாவது எனக்குத் தெரியும். இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். தெரியாமல் செய்த தப்பு இல்லை என்னுடையது.

கண்காட்சி நாளில் பக்கங்களை எல்லாம் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினோம். பார்க்க வந்தவர்களில் ஏரியின் கடைமடைக்காரர் ஒருவர், தண்ணீர் வராமல் இரண்டு போகம் விட்டவர், ஏரிப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். அதைப் பிரிண்ட் போட்டு ஒரு மனுவோடு வைத்துத் தாலுகா ஆபீசில் கொடுத்துவிட்டார். பத்து நாளில் அளவுச் சங்கிலியோடு சர்வே ஆட்கள் வந்து ஏரிக்குள் நின்று அளந்தார்கள். கரும்பு வெட்டுக்குத் தயாராக நின்ற நேரம் அது.

மறுநாள் காலை பதினொரு மணி. ஒன்பதாம் வகுப்பு லேபில் உட்கார்ந்திருக்கிறது. டீச்சர் கள்ளக்குறிச்சியில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தார். தலைமை ஆசிரியர் உள்ளே வந்தார். பின்னாலேயே நிலக்காரர். கையில் அந்தப் பிரிண்ட். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"இன்னாப்பா இது? பள்ளிக்கூடமா, இல்ல போலீஸ் ஸ்டேஷனா? எவன் வூட்டுக் கரும்பு எங்க இருக்குதுன்னு எழுதறதுதான் இங்க படிப்பா?"

தலைமை ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "யாரு எழுதுனதுன்னு மெஷின்ல தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பல கை பட்ட பக்கம் ஐயா, டீச்சர் வரட்டும் என்று ஒரு நாள் தள்ளியிருக்கலாம். என் வாய், "தெரியும் சார்" என்றது. பயமும் இருந்தது, ஆனால் பயத்துக்கு முன்னால் அந்தக் கர்வம் வந்து நின்றது. மவுஸை எடுத்தேன். ஏரிப் பக்கத்தைத் திறந்தேன். வரலாறு என்பதை அமுக்கினேன்.

வரிசையாக வந்தது. சந்தியா, சந்தியா, சந்தியா. மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே பேர்.

நிலக்காரர் குனிந்து படித்தார். "யாரு இந்த சந்தியா?"

அவள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"நீயா? மோட்டார் கொட்டாய்ல இருக்கிறவன் பொண்ணா நீ?" அவர் குரல் ஏறவில்லை, இறங்கியது. "எங்க எடத்துல இருந்துக்கினு, எங்க தண்ணியக் குடிச்சிக்கினு..."

கிஷோர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வரலாறு என்கிற பொத்தானுக்குப் பக்கத்திலேயே உரையாடல் பொத்தான். நடுவில் ஒரு விரல் அகலம்தான் இருக்கும். என் கை மவுஸ்மேலேயே இருந்தது. அதை அமுக்கினால் "நான் தான் சொன்னேன். கிஷோர்" என்று திரையில் வரும். அமுக்கினால், கழகத் தலைவர் முகத்துக்கு நேராக அவர் மகனைக் காட்டினவன் நான். ஜூன் மாசத்துக்கு இரண்டு மாசம் இருந்தது. நீ அப்போது காலேஜ் முதல் வருஷம்.

அப்போது என் மனசு ஒரு வேலை செய்தது. 'உண்மையைச் சொன்னால் அந்தப் பையனை வீட்டில் அடிப்பார்கள், பாவம்' என்றது. நான் கிஷோரைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம் வந்தால் அது இரக்கம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரும், பிள்ளைகளே. எனக்கு அப்படித்தான் வந்தது.

"மெஷின் இப்படித்தாங்க காட்டுது" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. பொய்யும் இல்லை பாருங்கள்.

மத்தியானத்துக்குள் சந்தியாவின் அப்பா வந்தார். கரும்புச் சோகை கிழித்த கையோடு, லேப் வாசலிலேயே நின்று கும்பிட்டார். "தெரியாம எழுதிடுச்சிங்க ஐயா. சின்னப் புள்ளைங்க. நான் காலுல விழறேங்க." நிலக்காரர் அவரிடம் பேசவே இல்லை. தலைமை ஆசிரியரிடம், "இத்தோட எல்லாத்தையும் அழிச்சிடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை, பயந்தவர். என்னிடம் வந்து, "முழுசா எடுத்துடுப்பா. ஒரு எழுத்து இருக்கக் கூடாது" என்றார்.

எதுவும் அழியாது என்று பிள்ளைகளிடம் சொன்னவன் நான். ஒரு பக்கத்தை அழித்தால் வரலாற்றில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் மூலைக் கம்ப்யூட்டரில் விக்கியையே அடியோடு எடுத்தேன். கோயில், கரும்பு, ஏரி, எல்லாம் போயிற்று. உரையாடல் பக்கமும் போயிற்று. வேறு பிரதி எங்கேயும் நான் எடுத்து வைத்திருக்கவில்லை.

மறுநாள் டீச்சர் வந்ததும் நேராக லேபுக்கு வந்தார். "உரையாடல் பக்கத்தக் காட்டுங்க சார். அதுல கிஷோரே எழுதி இருக்கானே. நான் அவங்க அப்பாகிட்ட பேசறேன்."

"அழிச்சிட்டேன் டீச்சர்."

"அதையுமா?"

"எல்லாத்தையும் எடுக்கச் சொன்னாரு."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அதுல மட்டும்தான் சார் இருந்தது" என்றார்.

அன்று சாயந்திரம் அவர் தனியாக நிலக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். நிலக்காரர் உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, "எம்மவன் சொன்னானா? எங்க, காட்டுங்க பாப்போம்" என்று கேட்டிருக்கிறார். கிஷோரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவன், "நான் சொல்லல" என்றானாம். குழுவில் இருந்த மற்ற மூன்று பேரின் அப்பாக்களும் அந்தக் கரும்பில்தான் வேலை செய்தார்கள். அந்தப் பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம் என்று டீச்சர் திரும்பிவிட்டார்.

ஒரு வாரத்தில் மோட்டார் கொட்டாய்ப் பக்கத்து வீடு காலி. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு வேறு ஜில்லாவுக்குப் போனார்கள். சந்தியாவை அவள் மாமா வீட்டில் விட்டுவிட்டார்கள். அவள் அம்மாவின் தம்பி, கல்வராயன் மலைமேல் பெண் கட்டிக்கொண்டு அங்கேயே இருப்பவர். வருகைப் பதிவேட்டில் அவள் பேருக்கு நேராக அ, அ, அ என்று போய்க்கொண்டே இருந்தது. ஜூன் மாசம் எனக்குக் கையெழுத்து விழுந்தது.

டீச்சர்தான் அவளுடைய மாற்றுச் சான்றிதழைத் தயார்பண்ணி என் கையில் கொடுத்தார். "நீங்க போய்க் குடுத்துட்டு வாங்க சார். மலையிலயே ஸ்கூல்ல சேத்துடச் சொல்லுங்க."

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, வளைந்து வளைந்து வெள்ளிமலையில் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்தேன். ஒரு சரிவில் குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி மில்லுக்குப் போக லாரி நின்றது. சந்தியா உட்கார்ந்து கிழங்கைத் தண்டிலிருந்து உடைத்துக் குவியலில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், கிளாசில் எழுந்து நிற்கிற மாதிரி.

"வாங்க சார். பஸ்சு கெடச்சுதா?"

"கெடச்சுது. நீ எப்படிம்மா இருக்கற?"

"இருக்கேன் சார்." கையைப் பாவாடையில் துடைத்தாள். விரல் எல்லாம் மண். "டைப்பு மறந்துடும் சார். விரலு மொரடாயிடுச்சி."

சான்றிதழைக் கொடுத்தேன். திறந்து பார்த்தாள், பேர் சரியாக இருக்கிறதா என்று படித்தாள். அப்புறம் கேட்டாள். "அந்த உரையாடல் பக்கம் இருக்குதா சார்?"

"இல்லம்மா."

"யாரு அழிச்சது?"

"நான்தான்."

அவள் உட்கார்ந்து மறுபடியும் கிழங்கை உடைக்க ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். "நீயாவது அன்னிக்கி சொல்லி இருக்கலாமேம்மா, கிஷோர் சொன்னதுன்னு."

"நான் சொன்னா நம்புவாங்களா சார்? நீங்க காட்டுனா நம்புவாங்க." ஒரு கிழங்கை உடைத்துப் போட்டாள். "அந்தப் பொத்தானு பக்கத்துலயே இருந்துச்சி. உங்க கை மவுஸ்மேலயே இருந்துச்சி. இப்ப அமுக்குவாரு, இப்ப அமுக்குவாருன்னு உங்க கையையே பாத்துக்கினு நின்னேன் சார்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்சுக்கு நின்ற கதையைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அவள் மாமா வந்து சான்றிதழை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சேத்துடுங்க, நல்லாப் படிக்கிற பொண்ணு" என்றேன். "பாக்கலாங்க. இந்தக் கெழங்கு முடியட்டும்" என்றார். மூன்று மணி பஸ் பிடித்து மலையிறங்கிவிட்டேன். டீச்சர் பிறகு மலைப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கேட்டார். அப்படி ஒரு பிள்ளை வரவில்லை என்று பதில் வந்தது. நான் இன்னொரு தடவை போயிருக்கலாம். ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டு போகாமல் இருந்துவிட்டேன். டீச்சர் மாற்றலாகிப் போனார். எங்கள் லேபில் அதற்குப் பிறகு யாரும் விக்கி போடவில்லை. ஏரிக்குள் கரும்பு இன்னும் இருக்கிறது.

மகளே, நீ கேட்டதற்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பீரியட் பாதி போனாலும் பரவாயில்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பேர் கொடுங்கள். என் மாதிரி சுலபமான வழி தேடாதீர்கள். வாரா வாரம் பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். பெரிய மனுஷர் யாராவது வாசலில் நின்று யார் எழுதியது என்று கேட்டால், மெஷினைத் திறப்பதற்கு முன்னால் "நான்தாங்க எழுத வச்சேன், எங்கிட்ட பேசுங்க" என்று சொல்லுங்கள். எனக்கு அந்த ஒரு வரி அன்றைக்கு வரவில்லை. இப்போது வருகிறது, தினமும் வருகிறது.

அப்படியும் திறக்கவேண்டி வந்தால், உங்கள் கை மவுஸ்மேல் இருக்கும்போது ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். நான் திரும்பவில்லை. பின்னால் ஒரு பிள்ளை உங்கள் கையையே பார்த்துக்கொண்டு நிற்கும்.